கர்னலுக்கு விட்ட இடம்

சோலைக்கு வரவேண்டியது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். பெயிண்ட் டின் மூன்றுக்கு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது, மூன்று நாள் கூலி மூவாயிரத்து அறுநூறு, தின்னர், பிரஷ், உப்புத்தாள் வகையில் அறுநூறு. பில்லை அவனே எழுதியிருந்தான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவன், அதுவும் சுவரில் எழுதியே கற்றவன். தாளில் எழுதினாலும் எழுத்து பெரிது பெரிதாகத்தான் விழும். அந்த நாலு வரிக்கே ஒரு முழுத் தாள் போயிற்று. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து ஐந்து வாரமாகிவிட்டது. வேர்வையில் நனைந்து, காய்ந்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்திருந்தது.

பணம் தரவேண்டியது முன்னாள் ராணுவத்தினர் சங்கம். விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டை ஒட்டி அவர்களுக்கு ஒரு காம்பவுண்டு. உள்ளே ஒரு பக்கம் கேன்டீன், இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி. கேட்டிலிருந்து ஆஸ்பத்திரிப் படி வரை நூற்றைம்பது அடி தூரம், அத்தனையும் ஜல்லி. வண்டிகளெல்லாம் கேட்டோரம் வெயிலில் நிற்கவேண்டும். படிக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்டு, சிமெண்டுத் தரை பூசி, மூன்று கட்டம் கட்டியிருந்தார்கள். ஒன்று பிரிகேடியருக்கு, ஒன்று கர்னலுக்கு, ஒன்று லெப்டினன்ட் கர்னலுக்கு. தரையில் மஞ்சள் எழுத்து. கட்டத்தின் தலைமாட்டில் டயர் முட்டி நிற்க ஆளுக்கொரு சிமெண்டுக் கல்.

கட்டிய நாளிலிருந்து பிரிகேடியர் யாரும் வந்ததில்லை. லெப்டினன்ட் கர்னல் ஒருவர் திறப்பு விழாவுக்கு வந்துவிட்டுப் போனார். கர்னல் என்று இருந்தது ஜெர்சன் ஒருவர்தான். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைக் காரில் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். அவரையும் ஏழெட்டு மாதமாகக் காணோம், மாத்திரை தபாலில் போய்க்கொண்டிருந்தது. மற்றபடி அந்த நிழலில் படுத்திருப்பது இரண்டு நாய்கள்.

சங்கத்துச் செயலாளர் ஜேசுராஜ், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குனி மாதத்தில் அவர்தான் சோலையைக் கூப்பிட்டுக் காம்பவுண்டு முழுக்க மஞ்சள் கோடு புதுப்பிக்கச் சொன்னார். இரண்டாம் நாள் வேலை நடக்கும்போதுதான் விருமாண்டி விழுந்தார். எல்லையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவர், கட்டைக்கால். கேட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஜல்லியில் நடந்து வந்தவர், பாதி வழியில் கட்டைக்கால் புரண்டு குப்புற விழுந்தார். சோலைதான் ஓடிப்போய்த் தூக்கினான். முகவாயில் ரத்தம். தூக்கி நிறுத்தியதும் விருமாண்டி சிரித்தார்.

"அங்கன குண்டு விழுந்தப்பகூட இப்பிடி மண்ணைக் கவ்வலப்பா. நம்ம சங்கத்து ஜல்லி கவ்வ வச்சிருச்சு."

ஜேசுராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று சாயங்காலம் சோலையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, நிழல்ல இருக்க அந்த மூணு கட்டத்தையும் மாத்திப்புடு. நடக்க முடியாதவுகளுக்குன்னு தனியாத் தெரியணும். தூரத்துல இருந்து பாத்தாலே தெரியணும்."

"எழுதிரவாண்ணே?"

"எழுத்தைத் தலைவர்கிட்டக் கேட்டுட்டு எழுதிக்கலாம். முதல்ல பழசை எடுத்துட்டு, அடையாளமா எதையாச்சும் அடிச்சு வையி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டத்தில் இருந்த பழைய எழுத்தைச் சுரண்டி முடிப்பதற்குள் மஞ்சள் தீர்ந்துவிட்டது, பெயிண்ட் கடை பூட்டிக் கிடந்தது. சோலையின் வண்டிப் பெட்டியில் முந்தின வாரம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கருப்பசாமி கோயில் மதிலுக்கு அடித்த மிச்சம் இருந்தது. காவி அரை டின், வெள்ளை அரை டின். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியவேண்டும் என்றுதானே சொன்னார்? மூன்று கட்டத்துக்கும் பின்னாலிருந்த சுவரில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இழுத்தான். மிஞ்சிய காவியை டயர் முட்டும் கல்லுக்கும் பூசினான். எட்ட நின்று பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. கை சுத்தமான வேலை என்று அவனுக்கே ஒரு திருப்தி.

திங்கட்கிழமை காலை, புது அடையாளத்தைப் பார்த்த பிறகும், ஆட்டோக்காரர்கள் நோயாளிகளைக் கேட்டிலேயே இறக்கிவிட்டார்கள். ஒருவன் உள்ளே வந்து, சுவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி விட்டு நடந்தான். பத்து மணிக்குள் நடுக் கல்லின் மேல் திருநீறு, குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். நாய்கள்கூட இடம் மாறிவிட்டன. பழத்தை வைத்தது அன்னக்கொடி, சிப்பாய் ஒருவரின் விதவை, பென்சன் விஷயமாக வந்தவள்.

"என்ன ஆத்தா இது?" என்றார் ஜேசுராஜ்.

"என்னன்னா? இம்புட்டு நாளா ஒரு வண்டியையும் விடாம, நிழலும் போட்டு, எடத்தைச் சும்மா வச்சிருந்தீக. எதுக்குன்னு புரியாமத்தான் இருந்துச்சு. இப்பத்தான தெரியுது, சாமிக்குன்னு." இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருப்பு எந்தக் கோயில்ல இருந்து வந்துச்சு? அங்கன இருந்து பிடிமண் எடுத்துட்டு வந்தீகளா?"

ஜேசுராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாப்ள, இதுவரைக்கும் கர்னலுக்கு விட்டு வச்சோம். நீ கருப்புக்கு எழுதிக் குடுத்துட்ட. அவராவது மாசத்துக்கு ஒருக்க வருவாரு."

சிரித்துத் தீர்த்துக்கொள்ளும் விஷயமாக அது இருந்திருக்கும், தலைவர் தங்கப்பாண்டி வராமல் இருந்திருந்தால். சிப்பாயாகச் சேர்ந்து, முப்பது வருஷம் ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் கௌரவ கேப்டனாக வெளியே வந்தவர். எழுபது வயதிலும் சட்டை மடிப்புக் கலையாது. சுவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரு உத்தரவு?"

"நான்தான் சார் சொன்னேன்," என்றார் ஜேசுராஜ். தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

"கமிட்டித் தீர்மானம் இருக்கா?"

"விருமாண்டி விழுந்துட்டாரு சார்..."

"தீர்மானம் இருக்கான்னு கேட்டேன்." சோலையின் பக்கம் திரும்பினார். "ஏப்பா பெயிண்டரு, பழையபடி எழுதிக் குடு. ரெண்டு வேலைக்கும் சேத்து பில் பாஸ் பண்ணித் தாரேன். அதுவரைக்கும் ஒரு பைசா கிடையாது."

அதிலிருந்துதான் ஐந்து வாரம். விருமாண்டியைத் தூக்கிய கை பழையபடி எழுத வரவில்லை. சோலை நாலு தடவை வந்தான், நாலு தடவையும் அதே பதில். ஜேசுராஜ் தன் பென்சனிலிருந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "உங்க காசு எனக்கு எதுக்குண்ணே? வேலை சங்கத்துக்குத்தான செஞ்சேன்," என்று மறுத்துவிட்டான். மறுத்துவிட்டானே தவிர, பெயிண்ட் கடைக் கருத்தக்கண்ணனின் நோட்டில் அந்த மூன்று டின் அவன் பேரில்தான் இருந்தது. இதற்கிடையில் கப்பலூரில் ஒரு வேலை அமைந்தது. கம்பெனி ஷெட்டுக்குள் மிஷினைச் சுற்றிக் கோடு போடும் வேலை, பதினைந்து நாள், வெயில் படாது. ஆனால் பெயிண்ட்டைத் தானே வாங்கிப் போட்டு வேலையை முடித்த பிறகுதான் காசு. புதன்கிழமை காலை டின்னோடு நிற்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"பழசைக் கட்டிட்டுப் புதுசை எடுத்துக்க சோலை. எனக்கும் பெயிண்ட் கம்பெனிக்காரன் கழுத்தைப் புடிக்கிறான்," என்று கருத்தக்கண்ணன் சொல்லிவிட்டான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சோலை சுண்ணாம்பு வாளியும், வேறொரு வேலையில் மிஞ்சி வண்டிப் பெட்டியில் கிடந்த கால் டின் மஞ்சளுமாகச் சங்கத்துக்கு வந்துவிட்டான். அன்று கர்னல் வருகிறார் என்று போன் வந்திருந்தது. அதற்குள் எழுத்து நிற்கவேண்டும் என்பது தலைவரின் கட்டளை.

பட்டையை வெள்ளையால் மூடினான். கல்லில் ஒட்டியிருந்த கற்பூரக் கரியைச் சுரண்டினான். நடுக் கட்டத்தில் மண்டியிட்டு 'க' போட்டான். பிரிகேடியர் வராவிட்டால் பரவாயில்லை, முதலில் கர்னல்.

எழுதும்போது அவனுக்குத் தன் ஊர்க் கிடாவெட்டு ஞாபகம் வந்தது. பந்தியில் முதல் இலை பெரிய வீட்டுக்காரருக்கு. அந்த வீடு சென்னைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, கறிக்குழம்பை ஊற்றி, ஊரே கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கும். ஈ மொய்த்த பிறகு அந்த இலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றவர்கள் உட்காருவார்கள். அந்த வீட்டுக்காரர் கேட்டாரா என்றால், அவருக்கு இப்படியொரு இலை போடுகிறார்கள் என்பதே தெரியுமோ என்னவோ. காத்து நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் கோபமும் கிடையாது. சோலையும் அப்படித்தான் நின்றிருக்கிறான். வயிறு மட்டும் கத்தும்.

தலைவர் நாற்காலி போட்டுப் படியோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைச் சோலை கவனித்தான்.

"ஐயா, கோவிச்சுக்காம இருந்தா ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"உங்க வண்டியைக்கூட அங்கன வெயில்லதான நிறுத்தியிருக்கீக. இந்த நிழல்ல விடலாம்ல?"

தங்கப்பாண்டி அவனை ஒரு கணம் பார்த்தார். "நான் கௌரவ கேப்டன். இது கர்னல் இடம்."

"அவுக வராதப்ப?"

"வராதப்பவும் அவர் இடம்தான். உனக்குப் புரியாது." முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார். "பத்தொம்பது வயசுல சேந்தேன். என்னைய எழுத்துக்கூட்டிப் படிக்க வச்சதே பட்டாளந்தான். ஒவ்வொரு பட்டையும் தோள்ல ஏறுறதுக்குள்ள உசிரு போயி உசிரு வந்துச்சு. மேல இருக்கவனுக்கு ஒரு மரியாதையும் இல்லேன்னு ஆயிட்டா, நான் முப்பது வருசம் எதை நோக்கிப்பா ஏறுனேன்?"

அந்த மனிதர் சொல்வதிலும் ஒரு வலி இருந்தது. குனிந்து 'ர்' போட்டான். 'ன' போட்டான். தலைவர் கேன்டீன் கணக்குப் பார்க்க உள்ளே போனார், போகும்போது, "எழுத்து காயிற வரைக்கும் ஒரு வண்டியும் ஏறக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். சோலை கட்டத்தின் வாயில் காலி டின் இரண்டை வைத்து அதன் மேல் ஒரு குச்சியைக் குறுக்காகப் போட்டான்.

கடைசிப் புள்ளியையும் வைத்து நிமிரும்போது கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் உள்ளே விடப் பார்த்து, குச்சியைக் கண்டதும் அங்கேயே நிறுத்திவிட்டான். ஒரு அம்மாள் இறங்கினார், பருத்திச் சேலை, கண்ணாடி. பின்னால் ஒரு பெரியவர். கால் தரையைத் தேடியது. ஊன்றுகோலை ஜல்லியில் குத்தினார், அது சறுக்கியது. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும் சறுக்கியது. அந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா... இடது பக்கம் மேடு. நான் சொல்றேன், சொல்ற இடத்துல காலை வைங்க."

பெரியவருக்குக் கண் தெரியவில்லை என்பது அப்போதுதான் சோலைக்குப் புரிந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் வெயில் அவர் வழுக்கையில் மின்னியது. நூற்றைம்பது அடி. விருமாண்டியின் முகவாயில் வழிந்த ரத்தம் சோலையின் கண்ணில் வந்து போனது. கீழே பார்த்தான். எழுத்து ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அழகாக வந்திருந்தது, அதுதான் கொடுமை. அந்த நாலு எழுத்துத்தான் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. அதுதான் கருத்தக்கண்ணனின் நோட்டு. அதுதான் கப்பலூர்.

"ஏலேய் ஆட்டோ!" என்று கத்தினான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "ஐயாவை ஏத்து. ஏத்திக்கிட்டு நேரா இங்க வா!"

"பெயிண்ட் ஈரமா இருக்கேண்ணே!"

"இருந்தா இருக்கட்டும், நான்தான அடிச்சேன். வா, வா, இப்பிடி வா!" டின்னைக் காலால் தள்ளி, குச்சியை எடுத்து வீசினான்.

ஆட்டோ ஜல்லியில் குலுங்கி வந்து நிழலுக்குள் ஏறியது. முன் சக்கரம் 'க'வின் நடுவில் விழுந்து 'ல்' வரைக்கும் மஞ்சளை இழுத்துக்கொண்டு போய்க் கல்லில் முட்டி நின்றது.

சத்தம் கேட்டுத் தங்கப்பாண்டி முழங்காலையும் மறந்து ஓடிவந்தார். "ஏய்! யாரைக் கேட்டு ஆட்டோவை விட்ட? கர்னல் எடத்துல ஆட்டோவா? எடுரா வண்டிய! அவர் வர்ற நேரத்துல..."

ஆட்டோவுக்குள்ளிருந்து ஊன்றுகோல் வெளியே வந்தது. பிறகு ஒரு கால். பிறகு அந்தப் பெரியவரின் முகம்.

தங்கப்பாண்டியின் வாய் திறந்தபடி நின்றது. இரண்டு குதிகாலும் தாமாகச் சேர்ந்தன. கை நெற்றிக்குப் போனது. "சார்!"

"யாரு, கேப்டன் தங்கப்பாண்டியா?" குரல் வந்த பக்கம் கர்னல் ஜெர்சன் முகத்தைத் திருப்பினார். "சல்யூட்டா அடிக்கிறீங்க? வேஸ்ட் ஆகுதே, எனக்குத்தான் தெரியாதே."

"கார்... கார் எங்க சார்?"

கர்னலின் மனைவி ஐரின் பதில் சொன்னார். "அதை வித்து ஏழு மாசம் ஆகுது தம்பி. கண்ணு ரெண்டும் இப்படி ஆனதுக்கப்புறம் யாரு ஓட்டுறது? போன தடவை வந்தோம், கேட்டுலயே ஆட்டோவை நிறுத்திட்டாங்க. கர்னல் இடம், விட மாட்டோம்னாங்க. இவரு, நான்தான்யா கர்னல்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அப்படியே திரும்பிட்டாரு. அதுல இருந்துதான் மாத்திரை தபால்ல வருது."

"வெக்கமெல்லாம் இல்லை," என்றார் கர்னல் எரிச்சலோடு. "ஐடி கார்டை வீட்டுல மறந்துட்டேன்."

"கார்டு என் பையிலதான் இருந்துச்சு," என்றார் ஐரின்.

தங்கப்பாண்டி தரையைப் பார்த்தார். இழுபட்ட மஞ்சளில் 'ர்' ஒன்றுதான் பாதி தெரிந்தது. "இது உங்களுக்குன்னு விட்டு வச்ச இடம் சார்."

"நான் கேட்டேனா?"

"கேக்க வேணாம் சார். அது எங்க மரியாதை."

கர்னல் ஊன்றுகோலால் சிமெண்டுத் தரையைத் தட்டிப் பார்த்தார். அது சறுக்கவில்லை. "தரை நல்லா இருக்கு," என்றார். "எனக்கு ஒண்ணு செய்யணும்னா, இந்தப் படி ஓரமா ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்க கேப்டன். போன தடவை நான் எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாமத்தான் பயந்தேன். டோக்கன் எங்க வாங்கணும்?"

தங்கப்பாண்டி அவர் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு படியேற்றினார். உள்ளே பெஞ்சில் அன்னக்கொடி நகர்ந்து இடம் விட, கர்னல் முப்பத்தோராம் நம்பர் டோக்கனோடு உட்கார்ந்தார்.

சோலை வாளியைக் கழுவத் தொடங்கினான். இனி என்ன இருக்கிறது? கருத்தக்கண்ணனிடம் இன்னொரு வாரம் தவணை கேட்கலாம், கொடுக்கமாட்டான். கப்பலூர் வேலைக்காரனிடம் இப்போதே சொல்லிவிடுவது மரியாதை. ஆனாலும் மனசு ஏனோ கனக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு ஓடிவந்த ஜேசுராஜ் பக்கத்தில் நின்று அவனுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

கேட்டில் விருமாண்டியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வழக்கம்போல அங்கேயே நிறுத்திவிட்டுக் கட்டைக்காலை ஜல்லியில் வைக்கப் போனார்.

"விருமாண்டி!" படியிலிருந்து வந்தது தங்கப்பாண்டியின் குரல். பரேடு மைதானக் குரல். "எறங்காத. வண்டியோட இங்க வா."

"சார்?"

"உத்தரவுய்யா. வா."

விருமாண்டி நம்பாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஆட்டோவுக்குப் பக்கத்துக் கட்டத்தில், ஒரு பிரிகேடியரும் மிதித்திராத இடத்தில், ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கினால் நாலே எட்டில் படி. "அடேயப்பா, இம்புட்டுக் கிட்டக்கவா இருந்துச்சு ஆஸ்பத்திரி?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

தங்கப்பாண்டி மெல்ல இறங்கி வந்து சோலையின் எதிரில் நின்றார். "ஆட்டோ போனதும் அதைச் சுரண்டிட்டு எழுது. நடக்க முடியாதவர்களுக்குன்னு எழுது. மூணு கட்டத்துலயும்."

"தீர்மானம் இருக்கா சார்?" என்றார் ஜேசுராஜ், முகத்தில் சிரிப்பு இல்லாமல்.

"வர்ற ஞாயித்துக்கிழமை போட்டுக்கலாம், நீ வாயை மூடு." பிறகு குரலைத் தாழ்த்திச் சோலையிடம் கேட்டார். "ஏப்பா, அதுல முழங்கால் வலிக்காரனும் சேத்தியா?"

"சேத்திதான்யா. வேணும்னா அதைத் தனியாவே எழுதிருவோம், பெரிய எழுத்துல."

"போடா," என்றார் தலைவர். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவர் பல்லைச் சோலை பார்த்தான்.

கைப்பிடிக் கம்பிக்கு ஆள் பிடிக்க ஜேசுராஜ் போனைக் காதில் வைத்தபடி நடந்தார். சோலை சுரண்டி முடித்து, ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்தி, மூன்று கட்டத்திலும் எழுதி நிமிர்ந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. அலுவலகத்தில் தங்கப்பாண்டி வவுச்சரை நீட்டினார். சோலை தன் பேரை எழுதினான். அது பெட்டிக்குள் அடங்காமல் மேல் வரியையும் தொட்டுக்கொண்டு நின்றது. ஐந்நூறு ரூபாய்த் தாள் பதின்மூன்று, நூறு மூன்று, இரண்டு இருபது.

"இன்னைக்குக் கூலி?" என்றார் தலைவர்.

"அதை நான்தானங்கய்யா கெடுத்தேன். வேணாம்."

"ஆட்டோ கெடுத்துச்சு."

"ஆட்டோவைக் கூப்பிட்டது யாரு? விடுங்கய்யா, அது போகட்டும்."

வெளியே வந்தபோது வெயில் தகரத்தின் மேல் இருந்தது, நிழல் ஸ்கூட்டரின் மேல் இருந்தது. இரண்டு நாய்களும் திரும்பி வந்து மூன்றாவது கட்டத்தில், ஈர எழுத்தை விட்டுத் தள்ளிப் படுத்திருந்தன. கருத்தக்கண்ணன் கடையில் கட்டிவிட்டுக் கப்பலூருக்கு டின் எடுக்க இன்னும் நேரம் இருந்தது. பிரஷில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. துடைக்கத் துணியைத் தேடினான், அகப்படவில்லை. சட்டைப்பையில் கைவிட்டு, நைந்துபோன அந்தப் பில்லை எடுத்து, அதில் பிரஷை நன்றாகத் துடைத்து, சுருட்டிக் காலி டின்னுக்குள் போட்டான்.